நம்ம வீட்டுப் பொண்ணு ‘மாதிரி’!

ஒரு பெண். ஒரு குடும்பத்தைப் பக்காவா ப்ளான் போட்டு, கொஞ்சம்கூட அவசரப்படாம, செங்கல் செங்கலா உருவிப் போடறா. வீட்டுத் தலைவர் மானம் போகுது. இருந்த வீடு போகுது. மகளோட கல்யாண வாழ்க்கை ரெண்டா உடையுது. ரெண்டு பெரியவங்க உசுரே போயிடுது. கடைசியில அவளே நோயில விழுந்து சாகக் கிடக்கறா. அப்ப அதே குடும்பம், அவ கட்டிலைச் சுத்தி நின்னு, எங்க வீட்டு தேவதை போறாளேன்னு தேம்பித் தேம்பி அழுவுது!

மெகா சீரியல் கதை மாதிரி இருக்கா? சீரியல்தாங்க. 1846-ம் வருஷம் பாரிஸில் ஒரு தினசரிப் பேப்பரில் அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்த தொடர்கதை. எழுதினவர் பால்சாக். கதையின் பெயர் ‘கஸின் பெத்’.

முடிவை முதல்லயே போட்டு உடைச்சிட்டியேன்னு திட்டாதீங்க. இந்த நாவலில் யார் செஞ்சாங்கன்னு கண்டுபிடிக்கிற வேலையே நமக்குக் கிடையாது. வில்லி யாருன்னு பால்சாக் ஆரம்பத்திலேயே காட்டிடுவார். ஏன் செஞ்சா, அது எப்படி ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாம போச்சுங்கறதுதான் விஷயம். என்னைத் தூங்க விடாம பண்ணினதும் அதுதான்.

எங்க காலேஜ் லைப்ரரியில் அட்டை கிழிஞ்ச ஒரு பென்குயின் காப்பி. நானூத்துச் சொச்சம் பக்கம். எனக்கு முன்னாடி அதை யாரும் எடுத்த மாதிரி தெரியலை. ‘பிரெஞ்சு கிளாசிக்’னு யாராவது சொன்னாலே நம்மாளுங்க ரெண்டு அடி பின்னாடி போயிடுவாங்க இல்லையா... நானும் முதல் ஐம்பது பக்கம் வரைக்கும் அப்படித்தான் கொட்டாவி விட்டுக்கிட்டிருந்தேன். பால்சாக் ஒரு ரூமைக் காட்டணும்னா திரைச்சீலையின் சாயம் எவ்வளவு வெளுத்திருக்கு, நாற்காலி கில்ட் எங்கெங்கே உதிர்ந்திருக்குன்னு கணக்கெடுக்காம விட மாட்டார். ஆனா அந்த வெளுத்த திரைச்சீலையிலேயே கதை இருக்குங்க. கில்ட் உதிர்ந்த நாற்காலியைப் பார்த்துத்தான், இந்த வீட்டில் பணம் காலியாகிட்டு வருதுன்னு வந்த விருந்தாளி கண்டுபிடிக்கிறான்.

வீடு யாருடையது? பாரன் உலோ. (எழுதும்போது முன்னாடி ஒரு ‘ஹெச்’ உண்டு. பிரெஞ்சுக்காரங்க அதை முழுங்கிடுவாங்க.) நெப்போலியன் காலத்தில் ராணுவ சப்ளையைப் பார்த்துக்கொண்ட பெரிய அதிகாரி. கதை தொடங்கும் 1838-ல் போர் அமைச்சகத்தில் டைரக்டர். மனைவி அதலின். ஏழை விவசாயக் குடும்பத்துப் பெண், ஆனால் அசரடிக்கும் அழகி. அழகுக்காகவே பாரன் கட்டிக்கொண்டு பாரிஸுக்குக் கூட்டி வந்தார். ஒரு மகன், ஒரு மகள். மகன் வக்கீல். மகள் ஒர்த்தான்ஸுக்கு வரதட்சணை கொடுக்கக் காசில்லாததால் கல்யாணம் தள்ளிப் போகிறது. ஏன் காசில்லை? பாரன் அத்தனையையும் பாட்டுக்காரிகள், நடிகைகள் காலடியில் கொட்டிவிட்டார். அறுபதை ஒட்டின வயசு. தலைக்கு டை, தொப்பைக்கு உள்ளே இறுக்கிக் கட்டின கார்செட்!

இந்த வீட்டுக்கு வந்து போகிற ஏழைச் சொந்தம்தான் லிஸ்பெத் ஃபிஷர். சுருக்கமா பெத். அதலினுக்குச் சித்தப்பா பெரியப்பா முறைத் தங்கச்சி, ஐந்து வயசு இளையவள். வோஜ் மலைப்பக்கத்துக் கிராமத்தில் ரெண்டு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அதலின் அழகா இருந்ததால் அவளைப் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள். பெத் கறுப்பு, ஒல்லி, கூட்டுப் புருவம். அதனால் அவளை வயலுக்கு அனுப்பினார்கள். அவ்வளவுதான் காரணம்! சின்ன வயசில் ஒரு நாள் பெத், அதலினின் அழகான மூக்கைப் பிடித்துப் பிய்த்தெடுக்கவே பார்த்தாள். அதுக்கு அடி வாங்கினாள். அதுக்கப்புறமும் அதலினின் கவுனைக் கிழிப்பது, காலரைக் கசக்குவது எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தது.

பெரியவங்க என்ன நினைச்சிருப்பாங்க? குழந்தைங்க சண்டை, வளர்ந்தா சரியாயிடும்னு. வெளியில் பார்த்தால் சரியாகத்தான் ஆச்சு. அதலின் பாரிஸுக்குப் போனதும் தங்கச்சியை மறக்கலை, வரவழைச்சாள். பெத் தங்க, வெள்ளி ஜரிகை வேலை கத்துக்கிட்டாள். கணக்கு வழக்குக்காகப் பிடிவாதமா எழுதப் படிக்கவும் கத்துக்கிட்டாள். பேரரசரின் ராஜசபைக்கே ஜரிகை சப்ளை செய்த கம்பெனியில் மேற்பார்வையாளர் அளவுக்கு வந்தாள். நெப்போலியன் விழுந்ததும் அந்த வியாபாரமும் படுத்துடுச்சு. பாரன் பணம் போட்டுப் பார்ட்னராக்கறேன்னார். வேணாம்னுட்டு மறுபடியும் சாதாரணத் தொழிலாளியாப் போய் உக்கார்ந்தா.

பாரன் நாலு வரன் கொண்டு வந்தார். நாலையும் தட்டிக் கழிச்சா. வீட்டில் அவளுக்கு ஒரு செல்லப் பேரு... ‘ஆடு’! பாரன்தான் வெச்சார். பாசமாத்தான் கூப்பிட்டார், அது வேற விஷயம். பெத் அதுக்கும் சிரிச்சுக்கிட்டா. வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டில் சாப்பாடு. போகிற இடத்திலெல்லாம் சின்னச் சின்ன உதவி. எல்லாருடைய ரகசியத்தையும் கேட்டுக்குவா, ஒருத்தர் ரகசியத்தை இன்னொருத்தர்கிட்ட சொல்ல மாட்டா. அதனால எல்லாரும் அவகிட்ட எல்லாத்தையும் கொட்டினாங்க. அவ ரகசியம் என்னன்னு மட்டும் ஒருத்தரும் கேட்கலை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். ஏன்னா எனக்கு இந்த வீடு தெரியும்.

யு.ஜி. படிச்ச மூணு வருஷமும் நான் சொந்தக்காரங்க வீட்டில்தான் தங்கியிருந்தேன். தங்கமான மனுஷங்க. சாப்பாட்டுல குறையே வெச்சதில்லை. யாராவது வந்தா, “நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி”ன்னு என்னை அறிமுகப்படுத்துவாங்க. அந்த ‘மாதிரி’ இருக்கே... அதைச் சொல்றவங்களுக்குக் காதில் விழாது. கேக்கறவங்களுக்கு மட்டும்தான் விழும்! அந்த வீட்டு அக்காவோட சுடிதார்கள் எனக்கு வரும். நல்ல சுடிதார்தான், ரெண்டு தடவைகூட போட்டிருக்க மாட்டாங்க. அதைத் தோள்பட்டையில் பிரிச்சுத் தைச்சு, துப்பட்டாவை மாத்தி, அது அக்காவுடையதுன்னு அடையாளமே தெரியாம ஆக்கினாத்தான் எனக்குத் திருப்தி.

இப்ப பெத் என்ன செய்யறா பாருங்க. சொந்தக்காரங்க அவளுக்கு அழகழகான, அந்த வருஷத்து ஃபேஷன் உடுப்புகளைக் கொடுக்கறாங்க. அவ வீட்டுக்குக் கொண்டுபோய் அதை வெட்டித் தைச்சு, பழைய ஸ்டைலுக்கு மாத்திப் போட்டுக்கறா. எல்லாரும் அதைப் பார்த்து ‘கிறுக்கு’ன்னு சிரிக்கறாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. கொடுத்தவங்க கையை அந்தத் துணியிலிருந்து கழட்டி எறியறதுக்கு அது ஒரு வழிங்க.

அவளுக்கும் ஒரு ஆசை இருந்தது. மஞ்சள் நிறக் காஷ்மீர் சால்வை. அதலினுக்குப் பாரன் எப்பவோ வாங்கிக் கொடுத்தது, அம்மாகிட்டேருந்து மகள் ஒர்த்தான்ஸுக்கு வந்தது. ரொம்ப நாளா பெத்துக்கு அது மேல ஒரு கண். ஒரு நாள் ஒர்த்தான்ஸ் கலாட்டா பண்றா, உனக்கும் காதலன் இருக்கானாமேன்னு. இருக்கான்னா பெத். புருடா விடறேன்னா ஒர்த்தான்ஸ். நிரூபிச்சா சால்வை உனக்குன்னு பந்தயம்! பெத் ஜெயிச்சு சால்வையை வாங்கிக்கறா. ஆனா ஆதாரமா அவ கொண்டு வந்து காட்டினது அவன் கையால் செஞ்ச ஒரு வெள்ளி முத்திரை. அதைப் பார்த்த ஒர்த்தான்ஸ் மனசுக்குள்ள, இதைச் செஞ்ச கைக்குச் சொந்தக்காரன் எப்படியிருப்பான்னு ஓட ஆரம்பிச்சிடுது. ஒரு பழைய சால்வைக்குப் பதிலா பெத் எதைத் தோற்கப் போறான்னு அந்த நிமிஷம் ரெண்டு பேருக்குமே தெரியாது.

அவன் பெயர் வென்ஸெஸ்லாஸ் ஸ்டைன்பாக். போலந்திலிருந்து ஓடிவந்த அகதி. பெயரளவில் கவுன்ட், கையில் சல்லிக்காசு கிடையாது. பெத் குடியிருந்த வீட்டின் மாடி அறைக்காரன். (அந்த வீடு த்வாயெனே தெருவில், லூவ்ர் அரண்மனையை ஒட்டி நெருக்கியடிச்ச இடிஞ்ச வீடுகளுக்கு நடுவில். பால்சாக் போன கொஞ்ச வருஷத்தில் லூவ்ரை விரிவாக்கறதுக்காக அந்தப் பகுதியையே இடிச்சுட்டாங்க.) ஒரு ராத்திரி பெத்துக்குக் கரிப்புகை வாசனை வருது. ஓடிப்போய்க் கதவை உடைச்சால், பையன் அறையைச் சாத்திக்கிட்டுக் கரியைப் பத்த வெச்சுச் சாகக் கிடக்கான். காப்பாத்தறா. சோறு போடறா. அவனுக்குள்ள ஒரு சிற்பி இருக்கான்னு கண்டுபிடிச்சு, வேலை கத்துக்க வைக்கறா. விடிஞ்சா ஜரிகை, பொழுது சாய்ஞ்சா ஜரிகைன்னு உழைச்சு அவனை வளர்க்கறா.

இது காதலா? எனக்கு இன்னிக்கும் பதில் தெரியலை. பெத்துக்கு நாற்பத்துமூணு, அவனுக்கு இருபத்தொன்பது. அவ அவனைக் கட்டிக்கவும் நினைக்கலை, விடவும் நினைக்கலை. மகன்னு சொல்லிக்கறா. ஆனா வேறொரு பெண் பக்கம் தலை திரும்பினா தாங்க முடியலை. இன்னொண்ணு, அவனுக்காகச் செலவழிச்ச ஒவ்வொரு காசுக்கும் அவன்கிட்ட கடன் பத்திரம் எழுதி வாங்கி வெச்சிருக்கா! பாசம்னா அதுக்கு ரசீது எதுக்கு? வாழ்க்கையில் அதுவரை அவகிட்ட வந்ததெல்லாம் யாரோ போட்டுக் கழிச்சது. அவன் ஒருத்தன்தான் அவளாத் தேடிக்கிட்டது. அதுக்குச் சட்டப்படி ஒரு பத்திரம் வேணும்னு அவளுக்குத் தோணியிருக்கு.

ஒர்த்தான்ஸ் ஒரு கடையில் அவன் செஞ்ச சிலையைப் பார்க்கறா, அவனையே பார்க்கறா, ரெண்டு பேருக்கும் கல்யாணம் நிச்சயமாகுது. வீடு மொத்தமும் ரகசியமா வெச்சிருக்கு. யாருக்குத் தெரியாம? பெத்துக்குத் தெரியாம. ரகசியங்களையெல்லாம் கொட்டி வெச்ச அதே பெத்துக்கு, அவளைப் பத்தின ஒரே ரகசியத்தை மட்டும் ஒருத்தரும் சொல்லலை. கடைசியில் பக்கத்துக் குடித்தனக்காரி வலேரி மார்னெஃப் வாயால்தான் அவளுக்குத் தெரிய வருது.

பால்சாக் அந்த இடத்தில் பெத்தின் முகத்தை விவரிக்கிறதைப் படிச்சா உடம்பு சில்லிட்டுப் போகும். அதுவரை கிச்சுக்கிச்சு மூட்டி விளையாடின ‘ஆடு’ அந்தப் பக்கத்தோட காணாமப் போயிடுது. சின்ன வயசில் பிய்க்காம விட்ட மூக்கெல்லாம் ஞாபகத்துக்கு வருது. அழகு, புருஷன், பிள்ளைங்க, வண்டி, வைரம்னு எல்லாத்தையும் வெச்சிருக்கிற அதலின், தங்கிட்ட இருந்த ஒண்ணே ஒண்ணையும் மகளுக்காக எடுத்துக்கிட்டாளேன்னு... அதலினைச் சேத்தில் இழுக்காம விடறதில்லைன்னு அன்னிக்கே முடிவு கட்டறா. முதல் வேலையா அந்தக் கடன் பத்திரங்களைக் காட்டி, தான் காப்பாத்தின பையனையே கடன்காரர் ஜெயிலில் தள்ளறா. ஃப்ரெண்ட்ஸ் பணம் கட்டி வெளியே எடுத்து, கல்யாணம் நடந்தே தீருது. அப்பதான் அவ நிதானமாகறா. பயப்பட வேண்டியது அந்த நிதானத்துக்குத்தான்.

ஆயுதம் வலேரி. இருபதுகளில் இருக்கிற அழகி. புருஷன் போர் அமைச்சகத்தில், பாரன் உலோவின் கீழ் வேலை பார்க்கிற நோஞ்சான் குமாஸ்தா. மனைவியைக் காட்டி புரமோஷன் வாங்கத் தயங்காத ஆள். வலேரிக்குப் பணம் வேணும், மரியாதையான வீடு வேணும். பாரன் ஏற்கெனவே அவள் பின்னால் சுத்த ஆரம்பிச்சாச்சு. பெத் அந்த நெருப்புக்கு விறகு தள்ளறா, அவ்வளவுதான். பாரன், பழைய சென்ட் வியாபாரி க்ரெவல், ஒரு பிரேசில்காரன், அப்புறம் அந்த வென்ஸெஸ்லாஸ்னு வரிசையா மாட்டறாங்க. வலேரி கர்ப்பமானதும் நீங்கதான் அப்பான்னு தனித்தனியா ஒவ்வொருத்தரையும் நம்ப வைக்கறா பாருங்க... அந்தப் பகுதியைப் படிச்சு ஹாஸ்டல் ஃப்ரெண்ட்ஸ் உருண்டு புரண்டு சிரிச்சாங்க. வலேரி பாரனைத் தலைக்கு டை அடிக்க வேண்டாம், கார்செட்டைக் கழட்டுங்க, இயற்கையா இருந்தாத்தான் பிடிக்குதுன்னு கொஞ்சறா. மனுஷன் குளிர்ந்து போய்க் கழட்டிடறார். ஒரே வாரத்தில் கிழவர்! இனிமே வேற எந்தப் பொண்ணும் திரும்பிப் பார்க்க மாட்டா இல்ல?

வென்ஸெஸ்லாஸ் விழுந்த விதம்தான் படிக்கிற பசங்க கவனிக்க வேண்டியது. பெத்தின் கண்டிப்பில் இருந்தவரை அவன் உளியைக் கீழே வெச்சதில்லை. ஒர்த்தான்ஸ் அவனைக் கொஞ்சினா. வேலை செய்யாத நாளிலும் நீ ஜீனியஸ்தான்னா. பய கனவிலேயே சிலை செதுக்கிக்கிட்டு சுருட்டுப் புகை விட்டுக்கிட்டிருந்தான். மனசில் தோணறது வேற, அதை ராத்திரி பகலா உக்கார்ந்து செய்து முடிக்கறது வேறன்னு பால்சாக் கதையை நிறுத்திட்டு ரெண்டு மூணு பக்கம் பொரிஞ்சு தள்ளறார். கடனுக்குப் பயந்து ராத்திரி பூரா காபியைக் குடிச்சுக்கிட்டு எழுதினவர் அவர். 47 வயசில், உடம்பு கெட்டுப்போன நிலையில், இந்த நாவலை ரெண்டே மாசத்தில் எழுதித் தள்ளினார். அவருக்கு இல்லாத உரிமையா?

இவ்வளவு ஆசைகளுக்கும் ஒரே ஒரு அளவுகோல்தான், பணம். நாவலின் முதல் காட்சியில் அதலின் முன்னாடி க்ரெவல் நெப்போலியன் மாதிரி கையை மடிச்சு போஸ் கொடுத்துக்கிட்டு நிக்கறான். தன் பாட்டுக்காரியைப் பாரன் தட்டிட்டுப் போன கடுப்பு அவனுக்கு. என் ஆசைக்கு இணங்கு, உன் மகள் கல்யாணத்துக்குப் பணம் தர்றேன்கிறான். இந்த நாட்டை ஆளறது ராஜா இல்லை, அஞ்சு ஃப்ராங்க் நாணயம்தான்னு பின்னாடி தத்துவம் பேசப்போற ஆள் அவன்! அதலின் விரட்டி விடறா.

மூணு வருஷம் கழிச்சு அதே அதலின், அதே க்ரெவலைக் கூப்பிட்டனுப்பறா. ஏன்னா வலேரிக்குக் கொட்டிக் கொடுக்கறதுக்காகப் பாரன் சம்பளத்தை பாங்க்கரிடம் அடகு வெச்சு, அதுவும் பத்தாம, அதலினின் சித்தப்பா யோஹான் ஃபிஷரை அல்ஜீரியாவுக்கு ராணுவ சப்ளை வேலைக்கு அனுப்பி, அரசாங்கப் பணத்தில் கை வெக்க வெச்சிருக்கார். மாட்டியாச்சு. மூடி மறைக்க வேண்டிய தொகை? 2 லட்சம் ஃப்ராங்க். ஐம்பதை ஒட்டின வயசில் இருக்கிற, வாழ்நாளில் இன்னொரு ஆணை ஏறெடுத்துப் பார்க்காத அந்தம்மா, கண்ணாடி முன்னாடி நின்னு வலேரிகள் எப்படிச் சிரிப்பாங்கன்னு ஒத்திகை பார்த்துக்கறா. அவளுக்கு வரலை. அழுதுடறா. க்ரெவலுக்கே மனசு இளகி, பணத்தோட வர்றேன்னு கிளம்பறான். வழியில் வலேரி வீட்டில் நுழையறான். அவ பக்திமான் மாதிரி நடிச்சுக் கிண்டல் பண்ணிக் கரைச்சு விடறா. பணம் வரவே இல்லை.

சித்தப்பா ஜெயிலில் தற்கொலை பண்ணிக்கறார். அவர் பெத்துக்கும் சித்தப்பாதான்! பாரனின் அண்ணன், மார்ஷல் உலோ, காது கேக்காத பழைய போர்வீரர். சேமிப்பு முழுக்க அரசாங்கத்துக்குக் கட்டிட்டு அவமானத்தில் சில நாளிலேயே கண்ணை மூடிடறார். இங்கேதான் பால்சாக் பெத்தின் கன்னத்தில் ஒரு அறை விடறார். அந்தக் கிழ மார்ஷலைக் கட்டிக்கிட்டு, கவுன்டஸ் ஆகி, அந்தக் குடும்பத்துக்கே மேல உக்காரணும்கிறதுதான் அவளோட பெரிய ப்ளான். சர்ச்சில் கல்யாண அறிவிப்புகூட வாசிச்சாச்சு. அவ வெச்ச தீ அவ மாப்பிள்ளையையே எரிச்சிடுச்சு.

பாரன் மட்டும் சாகலை. வீட்டை விட்டு ஓடி, தன் பெயரின் எழுத்துகளையே மாத்தி மாத்திப் போட்டு தூல், தொரெக், விதெர்னு புதுப் புதுப் பெயர்களில் பாரிஸின் ஏழைத் தெருக்களில் ஒளிஞ்சு வாழறார். ஒவ்வொரு தெருவிலும் முன்னைவிட வயசு குறைஞ்ச, முன்னைவிட ஏழையான ஒரு பொண்ணோட. கடைசியில் இருந்தவள் சின்னப் பொண்ணு, குழந்தைன்னே சொல்லணும். அருவருப்பா இருக்கும், இருக்கணும்னுதான் அவர் எழுதியிருக்கார். தர்மகாரியம் செய்யப் போன அதலின் தற்செயலா அங்கே புருஷனைக் கண்டுபிடிச்சு, எல்லாம் மன்னிச்சாச்சு, வாங்க வீட்டுக்குன்னு கையைப் பிடிக்கறா. அந்த மனுஷன் கேக்கற கேள்வி, இந்தச் சின்னப் பொண்ணையும் கூட்டிட்டு வரலாமா!

அதலினைப் பல விமர்சகர்கள் தியாகச் சுடர்னு சொல்லுவாங்க. எனக்கு அந்தம்மா மேல கோபம்தான் வந்தது. புருஷன் செய்யறதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டே, தெரியாத மாதிரி இருபது வருஷத்துக்கு மேல இருந்திருக்காங்க. அந்த மன்னிப்புக்கான பில்லை யார் கட்டினது? வரதட்சணை இல்லாத மகள், சித்தப்பா, மார்ஷல்... தவிர, தங்கச்சி முகத்தை ஒரு தடவையாவது உத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

ஏன்னா பெத்தின் பலமே யாரும் பார்க்காததுதான். அவ எதையும் பெருசா ஒளிச்சு வைக்கலை. வலேரி வீட்டிலேயே போய்க் குடியிருக்கா. மார்ஷல் வீட்டை நிர்வாகம் பண்றா. ஓடிப்போன பாரனைத் தனியாச் சந்திச்சுக் கையில் பணத்தைக் கொடுத்து, இன்னும் ஆழமா ஒளிஞ்சுக்க அனுப்பி வைக்கறா. அதே நாட்களில், புருஷனைத் தேடி உருகற அதலினுக்கு ஆறுதலும் சொல்றா. ஒருத்தருக்கும் சந்தேகம் வரலை. சந்தேகப்படறதுக்குக்கூட ஒருத்தரைக் கொஞ்சமாவது கவனிச்சிருக்கணுமே! வரன் வேண்டாம்னு சொன்னப்ப ஏன்னு கேட்காத வீடு, பாசமா ‘ஆடு’ன்னு கூப்பிட்ட வீடு, இப்பவும் அதே பாசத்தோட அவளை நம்பிக்கிட்டே இருக்கு.

நான் இருந்த வீட்டில் அக்காவைப் பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு, சமையல்கட்டில் டம்ளர் கழுவிக்கிட்டிருந்தேன். அதொண்ணும் கொடுமை இல்லை, யாராவது கழுவித்தானே ஆகணும். ஹாலில் மாப்பிள்ளை வீட்டம்மா, வீட்டில் எத்தனை பேருன்னு கேட்டாங்க. நாலு பேருன்னு பதில் போச்சு. நான் அஞ்சாவது. கணக்கு சரிதான், தப்பு சொல்ல முடியாது. எனக்கு லீவு விட்டா பஸ் ஏறிப் போறதுக்கு ஒரு ஊர் இருந்தது. அங்கே என்னைச் சேர்த்து எண்ணற ஒரு வீடு இருந்தது. பெத்துக்கு அந்த மாடி அறைதான் இருந்தது.

பால்சாக் காதலிச்ச போலந்துப் பெருமாட்டி ஹான்ஸ்காவுக்கு எழுதின கடிதத்தில், பெத் பாத்திரத்தில் மூணு பெண்களைக் கலந்திருக்கேன்னு சொல்றார். அதில் ஒருத்தர், அவரைப் பெத்த அம்மா! சின்ன வயசில் தன்னைத் தள்ளியே வெச்சிருந்தாங்கன்னு அவருக்கு அம்மா மேல கடைசிவரை வருத்தம் உண்டு. பொறாமைக்காரியை அவர் இவ்வளவு உள்ளே புகுந்து எழுதினதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அவர் அவளை மன்னிக்கவும் இல்லை, கைவிடவும் இல்லை. 1998-ல் ஹாலிவுட்டில் ஜெஸிகா லாங் நடிச்சு இதைப் படமா எடுத்தாங்க. கதையை ரொம்பவே மாத்திட்டாங்க, எனக்குப் பிடிக்கலை. 1971-ல் பி.பி.சி. எடுத்த தொடரில் ஹெலன் மிரன்தான் வலேரி. புத்தகமே படிக்கணும்னா, பழைய இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாவே கிடைக்குது.

மிச்சக் கதை வேகமா முடியுது. வலேரியும் அவளைக் கட்டிக்கிட்ட க்ரெவலும் பிரேசில்காரன் கிளப்பிவிட்ட ஒரு கோர நோயில் அழுகிச் சாகறாங்க. சாகும்போதும் க்ரெவல் அதே போஸ்! குடும்பத்துக்கு மறுபடியும் பணம் வருது. பாரன் திரும்பி வர்றார். ஒர்த்தான்ஸும் வென்ஸெஸ்லாஸும் சேர்ந்துடறாங்க. பெத் நுரையீரல் காசநோயில் படுத்துடறா. அவங்க சந்தோஷமா இருக்கறதைத் தினம் தினம் பார்த்துக்கிட்டே படுத்திருக்கணும், அதைவிட என்ன நோய் வேணும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்தான் எல்லாத்தையும் செஞ்சேன்னு சொல்லிட்டுச் செத்திருந்தா, வாழ்க்கையில் முதல் தடவையா அந்த வீடே அவளைத் திரும்பிப் பார்த்திருக்கும். அவ சொல்லலை. அதலின், ஒர்த்தான்ஸ், பாரன், பேரப் பிள்ளைங்க எல்லாரும் சுத்தி நின்னு அழறாங்க. அந்த அழுகையைப் பார்த்தது அவளுக்கு ஒரு திருப்தின்னு பால்சாக் எழுதறார். என்ன திருப்தின்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அந்த அழுகை அவளுக்காகவே இல்லையே, அவங்க நினைச்சுக்கிட்டிருந்த வேற யாருக்காகவோதானே?

அவ போனதுக்கப்புறம் அந்த வீட்டுக்குச் சமையல்காரிக்கு உதவியா ஒரு பொண்ணு வேலைக்கு வர்றா. நார்மண்டி கிராமத்துக்காரி, பெயர் அகாத். ஒரு ராத்திரி அதலின் விழிச்சுப் பார்த்தா, பக்கத்துக் கட்டிலில் பாரன் இல்லை. தேடிக்கிட்டு வேலைக்காரங்க அறைப்பக்கம் போறா. உள்ளே கிழவர் குரல். என் மனைவி ரொம்ப நாள் இருக்க மாட்டா, அப்புறம் நீதான் பாரனஸ்னு அகாத்கிட்ட சொல்லிக்கிட்டிருக்கார். மூணு நாளில் அதலின் செத்துப் போறா. 1846 பிப்ரவரி 1-ம் தேதி பாரன் உலோவுக்கும் அகாத்துக்கும் கல்யாணம். பெத் வருஷக்கணக்கா திட்டம் போட்டு, ஒரு சில நாளில் கோட்டை விட்ட அந்த உலோங்கற பெயர், பாத்திரம் தேய்க்க வந்தவளுக்குக் கிடைச்சிடுச்சு.